மல்கோவாவுக்கு வாய்த்த மாப்பிள்ளை

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் மே மாதம் போனில் பேசினால் மாம்பழப் புலம்பல் ஒன்று கட்டாயம் உண்டு. "கடையில பார்த்தா செக்கச் செவேல்னு அழகா இருக்கு, வீட்டுக்கு வந்து நறுக்கினா ஒரே நார்." அவர்கள் வாங்கிய பழம் பெரும்பாலும் டாமி அட்கின்ஸ் என்ற ரகமாக இருக்கும். தோல் தடிப்பு, சீக்கிரம் அழுகாது, கப்பலில் வெகுதூரம் வந்தாலும் தாங்கும். ருசியை மட்டும் கேட்காதீர்கள். 1950களில் ஃப்ளோரிடா மாம்பழக்காரர்களின் தேர்வுக் குழுவே இந்த ரகத்தை 'நார் அதிகம், சுவை சுமார்' என்று திருப்பி அனுப்பியது. ஆனால் வியாபாரிகளுக்குப் பிடித்துவிட்டது. அப்புறம் என்ன, உலகம் பூராவும் அதுதான்.

இந்த டாமி அட்கின்ஸ் பழத்தின் பாட்டி இந்தியாவிலிருந்து போன ஒரு மல்கோவா என்று சொன்னால் நம்புவீர்களா? பாட்டி பற்றி ரொம்ப நாளாகவே தெரியும். தாத்தா யார் என்பதுதான் நூறு வருடமாக யாருக்கும் தெரியாமல் இருந்தது. அதைக் கண்டுபிடித்த கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நான் பி.காம். படித்தவன். தாவரவியலுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு சரி. லக்னோ பக்கம் வேலைக்கு வந்து, மாந்தோப்புக் கடன் கோப்புகளைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் இதில் ஆர்வம் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், இது தாவரவியலைவிடக் கணக்குப் பதிவியலுக்குத்தான் நெருக்கமாக இருக்கிறது. அதனால் நான் பேசலாம் :-)

முதலில் மாமரத்தைப் பற்றி ஒரு அடிப்படை விஷயம். மாவில் இரண்டு சாதி உண்டு. இந்திய ரகங்களில் பெரும்பாலானவை ஒற்றைக் கரு. கொட்டைக்குள் ஒரே ஒரு கரு. அது பூவின் தாய்க்கும், மகரந்தம் தந்த தகப்பனுக்கும் பிறந்த புதுப் பிள்ளை. எனவே மல்கோவா கொட்டையைப் போட்டால் மல்கோவா வராது. என்னவோ ஒன்று வரும். தாய்லாந்து, இந்தோனேசியா பக்கத்து ரகங்களில் பல, பல கரு. ஒரு கொட்டையில் மூன்று நான்கு முளை விடும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் அச்சு அசல் நகல். தகப்பன் பங்கு பூஜ்யம்.

ஆகவே நம் ஊரில் ஒரு ரகத்தைக் காப்பாற்ற ஒரே வழி ஒட்டுக்கட்டுவது. இங்கே லக்னோவிலிருந்து காகோரி போகும் வழியில் தசேரி என்ற கிராமத்தில் ஒரு கிழ மாமரம் நிற்கிறது. உத்தரப் பிரதேசத்தில் இருக்கிற அத்தனை தசேரி மரங்களுக்கும் மூலம் அதுதான் என்பார்கள். கணக்குப்படி அவையெல்லாம் தனித்தனி மரங்களே அல்ல. ஒரே மரத்தின் கிளைகள், வேறு வேறு வேர்கள்மேல் நிற்கின்றன, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, கதைக்கு வருவோம்.

மா அமெரிக்கப் பக்கம் போனது பல வழிகளில். பிரேசிலுக்குப் போர்த்துகீசியர்கள் கொண்டுபோனார்கள். ஜமைக்காவுக்குப் போன கதை வேடிக்கையானது. 1782ல் மொரீஷியஸ் பக்கத்திலிருந்து ஹிஸ்பானியோலா தீவுக்குச் செடிகள் ஏற்றிக்கொண்டு போன பிரெஞ்சுக் கப்பல் ஒன்றை ஆங்கிலேயக் கடற்படை பிடித்தது. உள்ளே இருந்த செடிகளை ஜமைக்காவில் நட்டார்கள். செடிகளில் பெயர் இல்லை, எண்கள்தான் கட்டியிருந்தன. அவற்றில் 11ஆம் எண் செடியின் வம்சம் இன்றைக்கும் அங்கே 'நம்பர் 11' என்றே அழைக்கப்படுகிறது. பிடிபட்ட கப்பலில் வந்த ஒரு மரத்துக்குச் சீட்டு எண்ணே பெயராகிவிட்டது.

மேற்கிந்தியத் தீவுகளில் பரவிய இன்னொரு மா, டர்பன்டைன். பெயின்ட் கடையில் வாங்குவோமே, அதே டர்பன்டைன்தான். பழத்தில் அந்த வாசம் அடிக்கும் என்பதால் அந்தப் பெயர். சிறிய பழம், நார் நாராக இருக்கும். பல கரு ரகம் என்பதால் கொட்டையை எங்கே வீசினாலும் அதே மரம் முளைக்கும். அங்கிருந்து ஃப்ளோரிடாவுக்கும் வந்து, வேலியோரமும் கொல்லையிலும் பிள்ளைகள் எறிந்த கொட்டையிலிருந்து வளர்ந்து நின்றது. ரகம் என்று யாரும் அதை மதிக்கவில்லை.

1889ல் அமெரிக்க விவசாயத் துறை இந்தியாவிலிருந்து நெருக்கு ஒட்டு முறையில் கட்டிய மாங்கன்றுகளை வரவழைத்தது. அவற்றில் ஒரு ரகம் மல்கோவா. அவர்கள் வாயில் அது 'முல்கோபா' ஆயிற்று. கன்றுகளை ஃப்ளோரிடாவில் லேக் வொர்த் ஏரிக்கரையில் இருந்த குடியேறிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். வாங்கியவர்களில் ஒருவர் எல்பிரிட்ஜ் கேல். கன்சாஸ் விவசாயக் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்தவர், வயதான காலத்தில் ஃப்ளோரிடா வந்து குடிசை போட்டவர்.

1894-95 குளிர்காலத்தில் ஃப்ளோரிடாவைப் பெரும் உறைபனி தாக்கியது. ஆரஞ்சுத் தோட்டங்கள் ஒரே இரவில் கருகின. இந்தியாவிலிருந்து வந்த மாங்கன்றுகளும் செத்தன. பிழைத்தது ஒன்றே ஒன்று, கேல் வீட்டு முல்கோபா. அது 1898ல் காய்த்தது. அதுவரை டர்பன்டைன் பழத்தைத்தான் மாம்பழம் என்று நினைத்துக்கொண்டிருந்த மக்கள் முதல்முறையாக நார் இல்லாத பழத்தைச் சாப்பிட்டார்கள். அசந்து போயிருப்பார்கள், சொல்லவா வேண்டும்?

ஜான் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன், 1902ல் கேல் மரத்தின் வாரிசுகள் சில டஜன்களை வாங்கி மியாமி அருகே கோகனட் குரோவ் என்ற இடத்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் வைத்தார். ஒட்டு அல்ல, கொட்டை வம்சம். அடுத்த வருடமே அவர் இறந்துவிட்டார். அவர் மனைவி ஃப்ளாரன்ஸ் மரங்களை விடவில்லை, தண்ணீர் ஊற்றி வளர்த்தார். 1910ல் காய்த்தபோது ஒரு மரத்தில் மட்டும் மஞ்சளும் சிவப்பும் கலந்து பழம் பெரிதாகத் தொங்கியது. கணவர் பெயரையே அதற்கு வைத்தார். ஹேடன்.

அந்த ஹேடன் மரத்திலிருந்துதான் ஃப்ளோரிடா மாம்பழத் தொழிலே கிளம்பியது. ஹவாய், மெக்சிகோ, பிரேசில் என்று பரவியது. ஹேடன் கொட்டையிலிருந்து பிறந்தவற்றில் ஒன்றுதான் டாமி அட்கின்ஸ். 1920களில் ஃபோர்ட் லாடர்டேலில் அட்கின்ஸ் என்பவர் வீட்டில் முளைத்தது. கென்ட், கீட் என்று இன்னும் பல ரகங்கள் அதே வட்டாரத்தில், அதே மாதிரி வீட்டுத் தோட்டங்களில் பிறந்தன.

இங்கே கவனியுங்கள். இந்த வம்சாவளி எல்லாமே வாய்வழிச் செய்தி. 'இது இன்னார் வீட்டு மரத்துக் கொட்டை' என்று தாய் பெயர் மட்டும் சொல்வார்கள். தகப்பன் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் ஈக்கள். ஈ எந்த மரத்திலிருந்து வந்தது என்று யார் ரிஜிஸ்டர் போட்டார்கள்? தாய் பெயரும்கூட ஐம்பது வருடம் கழித்து ஞாபகத்தில் இருந்து எழுதியதுதான். வங்கி பாஷையில் சொன்னால், ஒற்றைப் பதிவுக் கணக்கு, அதற்கும் வவுச்சர் இல்லை.

மரத்தைப் பார்த்து அடையாளம் காணும் பழைய முறை இலை, பூ, பழத்தின் வடிவம், தோள், மூக்கு, வாசம் எல்லாவற்றையும் அளந்து பட்டியல் போடுவது. நல்ல முறைதான். ஆனால் மண்ணும் மழையும் உரமும் மாறினால் பழம் மாறும். மரம் காய்க்கும்வரை ஐந்தாறு வருடம் காத்திருக்கவும் வேண்டும். 1980களிலும் 90களிலும் இலையில் உள்ள என்சைம்களை வைத்து ஒப்பிட்டார்கள். அதில் வேறுபாடுகள் குறைவாகத்தான் கிடைத்தன. இரண்டு மரம் வேறு வேறு என்று சிலசமயம் சொல்லலாம், அப்பன் பிள்ளை உறவைச் சொல்வது கடினம்.

பிறகு டி.என்.ஏ. காலம் வந்தது. 1983ல் கேரி முல்லிஸ், டி.என்.ஏ.வின் ஒரு துண்டைக் கோடிக்கணக்கில் நகலெடுக்கும் பி.சி.ஆர். முறைக்கு யோசனை கண்டார் (1993ல் நோபல் பரிசு கிடைத்தது, கொரோனா சமயத்தில் நாம் எல்லோரும் மூக்கில் குச்சி விட்டுக்கொண்ட அதே பி.சி.ஆர்.). 1984ல் இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ், மனிதனுக்கு மனிதன் டி.என்.ஏ. ரேகை மாறுவதைக் கண்டார். கொலைக்கேசுக்கும் தகப்பன் யார் என்ற வழக்குக்கும் வந்த அந்த வித்தை, மெல்ல மாந்தோப்புக்கும் வந்தது.

1990ல் ஆர்.ஏ.பி.டி. என்ற முறை வந்தது. மலிவு, வேகம், இந்திய ஆய்வகங்களிலும் நிறையப் பயன்பட்டது. ஆனால் ஒரே இலையை இரண்டு ஆய்வகத்தில் கொடுத்தால் ஒரே பதில் வரும் என்ற நிச்சயம் இல்லை. ஆடிட்டருக்கு ஆடிட்டர் பாக்கி மாறினால் எப்படி? அதைவிட உறுதியாக நின்றது எஸ்.எஸ்.ஆர். முறை, மைக்ரோசாட்டலைட் என்றும் சொல்வார்கள். 2005 வாக்கில் பல நாட்டு ஆய்வகங்கள் மாவுக்கென்றே இந்த மூலக்கூறுக் குறியீடுகளைத் தயார் செய்தன.

இது எப்படி வேலை செய்கிறது? டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே எழுத்துக்கூட்டம் திக்கித் திக்கிப் பேசுகிற மாதிரி திரும்பத் திரும்ப வரும். சி-ஏ, சி-ஏ, சி-ஏ என்று. ஒரு மரத்தில் 12 தடவை, இன்னொன்றில் 15 தடவை. மாவுக்கு 20 ஜோடிக் குரோமோசோம்கள். ஜோடி என்பதால் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண்கள் கிடைக்கும், ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. இளம் இலையை அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆரில் பெருக்கி, துண்டின் நீளத்தை அளந்தால் இந்த எண்கள் வந்துவிடும். பழம் தேவையில்லை, பூ தேவையில்லை, ஆறு மாதக் கன்றே போதும்.

இனிமேல் முழுக்க இரட்டைப் பதிவுதான். கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு இடத்தில் தாய் மரத்தில் 12, 15. பிள்ளையில் 15, 19. பதினைந்து தாயிடமிருந்து வந்த வரவு, சரி. பத்தொன்பது எங்கிருந்து வந்தது? அக்கம்பக்கத்து மரங்களில் யாரிடம் 19 இருக்கிறது என்று பார். ஒரு இடத்தில் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம். இருபத்தைந்து இடத்திலும் பொருந்தினால்? பிள்ளையின் ஒவ்வொரு வரவுக்கும் தாய் அல்லது தகப்பன் பேரேட்டில் பற்று இருந்தாக வேண்டும். ஒன்றிரண்டு இடத்தில் இடித்தால் புதிய பிறழ்வு எனலாம். பல இடத்தில் இடித்தால் அந்த உறவு பொய்.

மியாமியில் உள்ள அமெரிக்க விவசாயத் துறை ஆய்வு நிலையத்தில் ரேமண்ட் ஷ்னெல் குழுவினர் இதைத்தான் செய்தார்கள். 2006ல் வெளியான அவர்கள் ஆய்வில் 203 வகை மாமரங்களை 25 இடங்களில் அளந்திருந்தார்கள். அதில் 64 ஃப்ளோரிடா ரகங்களுக்கு வம்சாவளி பார்த்தார்கள்.

பதில் என்ன தெரியுமா? ஹேடனின் தாய் முல்கோபா. வாய்வழிச் செய்தி சரி. தகப்பன், வேலியோரத்து டர்பன்டைன்!

யோசித்தால் ஆச்சரியம் இல்லை. உறைபனிக்குப் பிறகு அந்த ஊரில் இந்தியாவிலிருந்து வந்த மரம் தனியாக ஒன்றுதான் நின்றது. சுற்றிலும் டர்பன்டைன். ஈக்கு ரகம் பார்க்கத் தெரியாது. அத்தனை பெருமையாகப் பேசப்பட்ட ஹேடனில் சரிபாதி, யாரும் பெயர் சொல்ல விரும்பாத நார் மாம்பழம். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் அந்த 64 ரகங்களும் இந்தியாவிலிருந்து போன நான்கு ரகங்களுக்கும் இந்த டர்பன்டைனுக்கும் பிறந்தவையாக இருக்கப் போதுமானது என்று கணக்கு வந்தது.

சில நம்பிக்கைகள் உடைந்தும் போயின. கீட் ரகம் முல்கோபாவின் பிள்ளை என்று பல பத்தாண்டுகளாகப் புத்தகத்தில் எழுதி வந்தார்கள். குறியீடு பார்த்தபோது அதன் தாய் புரூக்ஸ் என்ற வேறு ரகமாக இருக்கத்தான் வாய்ப்பு என்று தெரிந்தது. டாமி அட்கின்ஸ் ஹேடனின் பிள்ளை என்பது மட்டும் தணிக்கையில் தேறியது.

டர்பன்டைன் கதையில் இன்னொரு விஷயமும் உண்டு. கொட்டை போட்டால் ஒரே சீராக நகல் நகலாக முளைப்பதால் ஃப்ளோரிடாவில் இன்றும் வேர்ச்செடியாக அதைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். மேலே எந்த ராஜா ரகம் நின்றாலும் மண்ணுக்குள் இருந்து தாங்குவது பெரும்பாலும் இந்த மாப்பிள்ளைதான்.

இது மாவுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. அமெரிக்காவில் பெரும் விலைக்குப் போகும் ஹனிகிரிஸ்ப் ஆப்பிளை மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1991ல் வெளியிட்டது. வீட்டுத் தோட்டம் அல்ல, விஞ்ஞானிகள் ரிஜிஸ்டர் வைத்து வளர்த்த மரம். பதிவேட்டில் தாய் தகப்பன் இருவர் பெயரும் இருந்தன. 2005ல் எஸ்.எஸ்.ஆர். வைத்துப் பார்த்தால் இரண்டு பெயருமே தப்பு! ஒரு பக்கம் கீப்சேக் என்ற ரகம் என்று தெரிந்தது. இன்னொரு பக்கம் 2017ல்தான் தெரிந்தது. 'எம்.என். 1627' என்ற எண் மட்டும் கொண்ட, வெளியிடத் தகுதியில்லை என்று கழித்துக் கட்டிய ஒரு மரம்.

இரண்டு கதையிலும் ஒரே விஷயம் திரும்ப வருவதைப் பார்த்தீர்களா? மதிக்கப்படாத மரம், பெயர் இல்லாத மரம், தூக்கிப் போட்ட மரம். அதுதான் பாதிச் சொத்தை எழுதி வைத்திருக்கிறது.

மல்கோவா வம்சம் இந்தியாவுக்குத் திரும்பி வந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹேடனின் பிள்ளை லிப்பென்ஸ், லிப்பென்ஸின் பிள்ளை இர்வின். 1939ல் மியாமியில் கொட்டை போட்டது. இந்த இர்வின் தைவானுக்கும் ஜப்பானுக்கும் போய், ஜப்பானின் மியாசாகி மாவட்டத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் வலை கட்டி வளர்க்கப்பட்டு, ஏலத்தில் ஜோடி லட்சக்கணக்கில் விலை போனது. 2021ல் மத்தியப் பிரதேசம் ஜபல்பூரில் ஒரு தோட்டத்தில் இரண்டு 'மியாசாகி' மரத்துக்குக் காவலாளிகளும் நாய்களும் போட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நம் ஊரில் இருந்து போன மரத்தின் கொள்ளுப்பேரன் பாஸ்போர்ட் மாற்றிக்கொண்டு வந்தால் வாசலில் நாய் கட்டி வரவேற்கிறோம்!

இதில் இன்னொரு வரலாற்று வேடிக்கை. 1889ல் அமெரிக்க அரசே நம் மாங்கன்றுகளைக் கேட்டு வாங்கியது. சரியாக நூறு வருடம் கழித்து, 1989ல், பூச்சி வரும் என்று இந்திய மாம்பழத்துக்குக் கதவைச் சாத்தியது. கதிர்வீச்சில் சுத்தம் செய்து அனுப்பலாம் என்று 2007ல்தான் திறந்தது. அந்தப் பதினெட்டு வருடமும் அங்கே போன நம் ஜனங்கள் சாப்பிட்டது மல்கோவாவின் பேரனைத்தான், அது தெரியாமலே.

சேலத்துக்காரர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். 'ஃப்ளோரிடா முல்கோபாவும் எங்கள் மல்கோவாவும் ஒன்றேதானா?' நியாயமான கேள்வி. பழைய புத்தகங்கள் ஃப்ளோரிடா பழத்தின் தோளில் சிவப்பு ஏறும் என்று வர்ணிக்கின்றன. நம் மல்கோவா உருண்டு திரண்டு, பழுத்த பிறகும் பச்சையும் மஞ்சளுமாகத்தான் இருக்கும். வெயிலும் மண்ணும் நிறத்தை மாற்றும் என்பதால் நிறத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. பெயரை வைத்தும் முடியாது. பங்கனப்பள்ளி டில்லி வந்தால் சஃபேதா ஆகிவிடுகிறது. கிளிமூக்கு ஓரிடத்தில் பெங்களூரா, ஓரிடத்தில் தோத்தாபுரி. நம் இமாம் பசந்த் ஹைதராபாத்தில் ஹிமாயத். ஒரே ஆளுக்கு நாலு பெயர், ஒரே பெயரில் நாலு ஆள், கே.ஒய்.சி. இல்லாத காலத்து சேமிப்புக் கணக்கு மாதிரி. இரண்டு இலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களை ஒப்பிடுவதுதான் வழி. எண்கள் அப்படியே ஒத்துப்போனால் ஒரே மரம், இல்லாவிட்டால் பெயர்தான் ஒன்று.

ஆராய்ச்சி சந்தோஷத்துக்கு மட்டும் இல்லை இது. இங்கே மாந்தோப்புக்குக் கடன் வாங்குகிறவர் நர்சரியில் கன்று வாங்கும்போது சீட்டில் எழுதியிருப்பதை நம்பித்தான் வாங்குகிறார். தப்பான கன்று என்பது ஐந்து வருடம் கழித்து முதல் காய் காய்க்கும்போதுதான் தெரியும். அதற்குள் தவணை ஆரம்பித்திருக்கும். அப்படி இடிந்துபோய் வந்து உட்கார்ந்தவர்களை நான் மேஜைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். தாய் மரங்களுக்கு டி.என்.ஏ. சான்று இருந்து, கன்றில் சந்தேகம் வந்தால் ஒரு இலையைக் கொடுத்துச் சோதிக்க முடிந்தால், அந்த ஐந்து வருடம் மிச்சம்.

வடக்கே இருக்கும் நமக்கு இதில் ஒரு சொந்தமும் உண்டு. டில்லியில் உள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் வெளியிட்ட மல்லிகா, நம் நீலத்தின்மேல் தசேரி மகரந்தத்தைச் சேர்த்துப் பிறந்தது. அதைத் திருப்பிப் போட்டால் ஆம்ரபாலி, தாய் தசேரி, தகப்பன் நீலம். லக்னோ சந்தையில் அடுத்த தடவை மல்லிகா வாங்கினால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பாதி நம்ம ஊர் என்று.

பாதிதான் என்பதையும் சொல்லுங்கள். 'மாம்பழம் எங்களுடையது, எங்களிடமிருந்துதான் உலகத்துக்கே போனது' என்று நாம் சொல்லிக்கொள்வதும் இப்போது அவ்வளவு எளிதாக இல்லை. 2019ல் வார்ஷெஃப்ஸ்கி, வான் வெட்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் ஏழு வட்டாரங்களின் 106 ரகங்களை, டி.என்.ஏ.வின் பல இடங்களில் பார்த்தார்கள். தென்கிழக்கு ஆசிய மாக்களிடம் நம்மிடம் இல்லாத தனிச் சொத்து இருந்தது. இந்தியாவில் பிறந்து அங்கே குடிபோனது என்ற ஒரே நேர்க்கோட்டுக் கதை பொருந்தவில்லை. மனிதர்கள் வம்சப் பெருமை பேசும்போதெல்லாம் எனக்கு இந்த மரங்கள்தான் ஞாபகம் வருகின்றன. சோதித்துப் பார்த்தால் எல்லாரிடமும் ஒரு டர்பன்டைன் இருக்கிறார்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். இந்தியாவில் சுமார் ஆயிரம் மா ரகப் பெயர்கள் சொல்கிறார்கள். பெரிய அளவில் வியாபாரத்துக்குப் பயிராவது முப்பதுக்குள். தோப்பு தோப்பாக லட்சக்கணக்கில் நின்றாலும் ஒட்டு மரங்கள் எல்லாம் ஒரே மரத்தின் நகல் என்று முன்னால் சொன்னேன் அல்லவா? மரபு வளம் என்று பார்த்தால் ஆயிரம் ஏக்கர் தசேரியும் ஒரு மரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நோய் வந்து ஒன்றைச் சாய்த்தால் எல்லாவற்றையும் சாய்க்கும்.

ஆனால் கொட்டையிலிருந்து முளைத்த நாட்டு மா அப்படி இல்லை. நம் ரகங்கள் ஒற்றைக் கரு என்பதால் அதில் ஒவ்வொரு மரமும் தனி ஆள். அதே எண் வரிசை கொண்ட இன்னொரு மரம் உலகத்தில் கிடையாது. ஊருணிக் கரையில், கோயில் பின்னால், உங்கள் தாத்தா வீட்டுக் கிணற்றடியில் நிற்கிற அந்தப் புளிப்பு மரம், ஊறுகாய்க்கு மட்டும் ஆகிற மரம், இதைத் தெரிந்துகொள்ள அதற்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. வெட்டினால் அந்தக் கணக்கு நிரந்தரமாக முடிந்தது. மறுபடி திறக்க முடியாது.

மத்திய அரசின் 2001ஆம் வருடத்துத் தாவர ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் விவசாயிகள் தங்கள் ரகங்களைத் தங்கள் பெயரிலேயே பதிவு செய்ய வழி இருக்கிறது. ரஹ்மான்கேடாவில் உள்ள மத்தியத் தோட்டக்கலை நிறுவனம் நூற்றுக்கணக்கான ரகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆனால் பெயர் தெரிந்தவைதான் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்குப் போகும். பெயர் இல்லாதவற்றுக்கு யார் விண்ணப்பம் போடுவது?

ஊரில் உள்ள வீட்டையும் மனையையும் விற்பது நம் மாதிரி வெளியூர்க் குடும்பங்களில் இப்போது அடிக்கடி நடக்கிறது. குறை சொல்லவில்லை, யாரால் போய்ப் பார்த்துக்கொள்ள முடிகிறது? நான் எத்தனையோ சொத்து மதிப்பீட்டு அறிக்கைகளைப் படித்தவன். நிலத்துக்கு விலை இருக்கும், கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்து விலை இருக்கும், கிணற்றுக்குக்கூட இருக்கும். கொட்டை மாமரம் இருந்தால் ஒன்று விறகு விலை போட்டிருக்கும், இல்லையென்றால் அந்த வரியே இருக்காது. வாங்குகிறவர் முதல் வேலையாக அதை வெட்டி மனையைச் சுத்தம் செய்வார்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட ஊருக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். பென்சில் தடிமன் உள்ள முற்றிய கிளை நுனிகள் நாலைந்து வெட்டி, இலையைக் கிள்ளிவிட்டு, ஈரத்துணியில் சுற்றி அன்றைக்கே பக்கத்து நர்சரியில் கொடுங்கள். எந்த வேர்ச்செடிமேல் வேண்டுமானாலும் ஒட்டுக்கட்டித் தருவார்கள். சித்தப்பா தோட்டத்திலோ பள்ளிக்கூடத்து வேலியோரத்திலோ ஊன்றிவிடலாம். கன்றில் ஒரு சீட்டும் கட்டுங்கள், எந்த ஊர், யார் வீட்டு மரம், என்ன ருசி என்று. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஒரு எண் போட்டாலும் போதும்.